தலைக்கு ஊத்தின தேதியும் முடி மாத்திரையும்

"கடைசியா எப்ப தூரம் ஆனீங்க?" என்று நர்ஸ் கேட்டதும் யோசிக்காமல் ஒரு தேதி சொன்னேன். அந்தத் தேதியே தப்பு. அங்கே சறுக்கியது, அஞ்சு மாசம் திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் அலைந்தேன். மகளிர் இலவச பஸ் இருந்ததால் பிழைத்தேன்.

எனக்கு வயது 39. ரெண்டு பிள்ளை பெற்ற பிறகும் 29, 30 நாளில் டாண் என்று வந்துவிடும். போன ஆடியிலிருந்து தள்ளித் தள்ளிப் போனது. வந்தால் ஆறு நாள் விடாது. கிட் வாங்கிப் பார்த்தேன், கர்ப்பம் இல்லை. "நாப்பது நெருங்குதுல்ல, நிக்கப் போகுதுடி" என்று அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

முதலில் பார்த்த டாக்டரிடம் 33, 35, 34 என்று ஒப்பித்தேன். "35 வரைக்கும் நார்மல்தாம்மா." இரும்புச்சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். ரெண்டு நிமிஷம் ஆகியிருந்தால் அதிகம்.

எங்கள் வீட்டில் கணக்கு, தூரம் முடிந்து தலைக்கு ஊத்தின நாளிலிருந்துதான். பாட்டி காலத்து வழக்கம். ஆனால் டாக்டர்கள் எண்ணுவது படத் தொடங்கிய முதல் நாளிலிருந்து, அடுத்தது தொடங்கும் நாளுக்கு முந்தின நாள் வரை. நான் ஏழாம் நாள் தலைக்கு ஊத்துகிறேன், ஆக ஒவ்வொரு தடவையும் ஆறு நாளை விழுங்கியிருக்கிறேன். நிஜக் கணக்கு 39, 41, 40. எந்த நாளிலிருந்து எண்ணுகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இது வெளியே வந்தது ரெண்டாவது டாக்டரம்மாவிடம். "தேதியெல்லாம் எழுதிட்டு வாங்க" என்றார். எங்கே எழுத? நான் புள்ளி வைத்ததெல்லாம் தினக் காலண்டரில். அந்தத் தாள்களைக் கிழித்து எண்ணெய்ப் பலகாரம் வைத்துக் கொடுத்தாயிற்று. ராத்திரி உட்கார்ந்து போனில் பணம் அனுப்பிய கணக்கைத் தோண்டினேன். எங்கள் தெரு மெடிக்கலில் நாப்கின் வாங்குவது எப்போதும் முதல் நாள் சாயங்காலம்தான். நாலு மாசத் தேதியும் வரிசையாக இருந்தது. அந்தச் சீட்டை நீட்டியபோது டாக்டரம்மா சிரித்தார், எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அவர் சொன்ன ஒன்று புதுசாக இருந்தது. முட்டை வெளியான பிறகு வரும் பாதி ஏறக்குறைய 14 நாள்தான், அது அவ்வளவாக நீளாது. நீளுவதும் சுருங்குவதும் முன்பாதி. 40 நாள் சுழற்சி என்றால் முட்டை வருவதே 26ஆம் நாள் வாக்கில். "பதினாலாம் நாள்" என்று எல்லோரும் சொல்வது 28 நாள்காரர்களுக்கு மட்டும். மாதவிடாய் நிற்கப் போகிற காலத்தில் பலருக்கு முதலில் இடைவெளி குறையத்தான் செய்யுமாம், அப்புறம்தான் தாறுமாறாகும். அம்மாவின் தீர்ப்பு அத்தோடு ஆட்டம் கண்டது.

தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), எஃப்எஸ்எச் (முட்டையை வளர்க்கும் ஹார்மோன்), ஸ்கேன் என்று எழுதினார். எஃப்எஸ்எச்சுக்குப் பக்கத்தில் 'ரெண்டாம், மூணாம் நாள்' என்ற குறிப்பு. மூணாம் நாள் காலை வெறும் வயிற்றோடு லேபுக்குப் போனால் டோக்கன் முடிந்துவிட்டது. மறுநாள் வரட்டுமா என்றேன். கவுண்டர்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "மூணாம் நாள்னு போட்டிருக்கு. அடுத்த மாசம் வாங்க." எனக்கு 'அடுத்த மாசம்' என்பது அந்தத் தடவை 52 நாள்! இதைப் பிறகு கேட்ட டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். அஞ்சாம் நாள் வரைக்கும் எடுக்கலாமாம். தைராய்டுக்கு நாள் கணக்கே கிடையாது, அன்றைக்கே எடுத்திருக்கலாம். லேபில் இப்படிச் சொன்னால் கிளம்பி வந்துவிடாதீர்கள். அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போடுங்கள்.

ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், கிளம்பும்போதே தண்ணீர் குடித்துவிடுங்கள். வேறு விசேஷமில்லை.

ரிசல்ட் வந்தது. தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோனான டிஎஸ்எச் 2.9; தைராய்டு சுரப்பு குறைந்தால் இந்த எண் ஏறும். எல்லாம் நார்மல். டாக்டரம்மா என் முகத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் உப்பியிருக்கிறது, மலச்சிக்கல், சித்திரை வெயிலில் எனக்கு மட்டும் குளிர்கிறது. "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" இல்லை என்றேன். எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டேன். "முடி ரொம்ப கொட்டுதே, அதுக்கு என்ன பண்றீங்க?"

முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, 10 மில்லிகிராம், ஆன்லைனில் வாங்கியது. அதை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இந்தச் சத்து ரத்தத்தில் அதிகமாக இருந்தால் சில மெஷின்களில் டிஎஸ்எச் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். எல்லா மெஷினிலும் அப்படி ஆகாது, நான் போன லேபில் ஆகியிருக்கிறது. ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன்: 14.2. தைராய்டு சுரப்பு குறைவு. முடி கொட்டியதும் இதனால், தூரம் தள்ளியதும் இதனால். முடிக்கு என்று விழுங்கிய மாத்திரையே நோயை மறைத்து வைத்திருக்கிறது.

இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராக்சின், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்பு மாத்திரையை நாலு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறார். காலையில் சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராதாம். ஆறு வாரத்தில் டிஎஸ்எச் 4.1 ஆனது. போன ரெண்டு தடவை 36, 31. முதல் நாளிலிருந்து எண்ணியது!

மூணு மாசம் வராமலே இருந்தாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ என்னைப் போல் தேதி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திராதீர்கள், நேராகப் போய்விடுங்கள்.

மீதி முடி மாத்திரை டப்பாவை நாத்தனார் கேட்டாள். அடுத்த வாரம் அவள் ஆபீஸில் மாஸ்டர் செக்கப். அது முடியட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். கஞ்சப்பிசினாறி என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறாளாம்.