கச்சான் காற்றுக்குக் கணக்குப் போட்டு கிண்ணியாவுக்கு ஒரு சைக்கிள் பயணம்

பெரியம்மாவின் மகள் அக்கா கனடாவில் இருந்து வந்த நாள் முதல் வீட்டில் சைக்கிள் கதைதான். போன வருஷம் ஒன்ராறியோவில் கேம்பிரிட்ஜ் என்ற ஊரில் இருந்து பாரிஸ் என்ற சின்ன ஊர் வரைக்கும் வாடகைச் சைக்கிளில் போயிருக்கிறார். ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை அது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுப் பொடிச் சரளை பரப்பி, நடக்கிறவர்களுக்கும் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 18 கிலோமீட்டர், கிராண்ட் ஆறு பக்கத்திலேயே வருமாம்.

"இந்த வயசில என்னால ஏலுமோ எண்டுதான் நினைச்சன். ஒரு மேடு இல்லையடி. ரயில் போன பாதையில மேடு எங்க இருக்கும்?" என்றார்.

அது என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது பிடிமானம் குறைவு, செங்குத்தாக ஏற்றினால் சறுக்கும். அதனால்தான் ரயில் பாதை போடுகிறவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, முடிந்த இடமெல்லாம் ஆற்றோரத்தையோ கரையோரத்தையோ பிடித்துக்கொண்டு போவார்கள். ரயிலுக்காகப் பட்ட அந்தப் பாடு பிறகு சைக்கிள்காரருக்கு உதவுகிறது.

திருகோணமலையில் அப்படிக் கைவிட்ட பாதை இல்லை. எங்கள் தண்டவாளம் 1920களில் போட்டது, ரயிலுக்கே உரியது. அதில் சைக்கிளுக்கு இடமில்லை. ஆனால் அது போகிற திசையை நாங்கள் பிடிக்கலாமே? நிலையத்தை விட்டதும் உட்துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு சீனக்குடாவுக்குப் போகிறது, அங்கிருந்து தம்பலகாமம், கந்தளாய் என்று உள்நாட்டுக்குள் இறங்கிவிடுகிறது. சீனக்குடா வரைக்கும் ரயில் போகிற பக்கமாகப் போய், பிறகு அதை விட்டுவிட்டுக் கிண்ணியாப் பாலத்துக்குத் திரும்பலாம் என்று நான் சொன்னேன். போக 20 கிலோமீட்டருக்குள்தான் வரும்.

அக்காவுக்கு நிலாவெளி ஆசை. எல்லோருக்கும் அதுதான் முதலில் வாயில் வரும். கடற்கரை இருக்கிறது, எதிரே கடலுக்குள் புறாமலைத் தீவு இருக்கிறது, சரி. ஆனால் நாங்கள் போகிறது ஆடி மாதம். ஆடியில் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே பிறந்தவருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. தென்மேற்கில் இருந்து, தரை மேலால், சூட்டையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும். நிலாவெளி வடக்கே இருக்கிறது. போகும்போது காற்று முதுகில் தள்ளும், சுகமாக இருக்கும். வரும்போது? பத்து மணி வெயிலில், களைத்த காலோடு, காற்று முகத்தில். கிண்ணியா தென்மேற்குப் பக்கம். விடியலில் காற்று இன்னும் எழும்பாத நேரத்தில் போய்விடலாம், வெயில் ஏறத் திரும்பும்போது அதே காற்று எங்களை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும். ஆறுதலாகச் சைக்கிள் ஓட நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: தூரத்தைப் பார்க்காதீர்கள், திரும்பி வரும் பாதியைப் பாருங்கள். என் சின்ன வயதில் நிலாவெளியில் இருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் சைக்கிள். உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரருக்காக வாடகைக்கு விடுகிறார்கள். முதல்நாள் பின்னேரமே போய் இரண்டு எடுத்தோம். கியர் வைத்த பளபளப்பான சைக்கிள்கள் முன்னுக்கு நின்றன, அக்காவின் கை அதற்குத்தான் போனது. நான் பின்னுக்கு நின்ற, எங்கள் நாட்டுச் சைக்கிளான லுமாலா இரண்டைக் கேட்டேன். கரியர் இருக்கிறது, மட்கார்ட் இருக்கிறது, எந்தச் சந்தியில் பழுதானாலும் திருத்த ஆள் கிடைக்கும். ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன், பிறேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், பெடலைப் பின்பக்கம் சுற்றிச் செயினின் சத்தத்தைக் கேட்டேன். வரும் வழியில் உவர்மலையில் ஏறி இறங்கிப் பிறேக்கை இன்னொரு தரம் சோதித்தோம். சீற்றை மட்டும் நான் பார்க்கவில்லை.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு தொப்பி, கரியரில் பெரியம்மா கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும். உட்துறைமுகத் தண்ணீரில் அசைவே இல்லை. காகங்கள்கூட அப்போதுதான் எழும்பியிருந்தன. கடற்கரை வீதியில் நின்று பார்க்கும் கடல் வேறு, இந்தக் கடல் வேறு. மலைகள் சுற்றி வளைத்து வைத்திருப்பதால் குளம் மாதிரித்தான் கிடக்கும். அக்கா இரண்டு தரம் நின்றார், நானும் நின்றேன். ஆறுதலாகப் போகிற பயணத்தில் நேரம் பார்க்கக் கூடாது என்று முதலே பேசி வைத்திருந்தோம்.

சீனக்குடா நெருங்கும்போது அக்காவின் சீற் இறங்கத் தொடங்கியது. இழுத்து உயர்த்தினால் பத்து நிமிஷத்தில் மறுபடி இறங்கும், முழங்கால் நெஞ்சில் இடிக்கிற அளவுக்கு. நல்ல காலம், ஒரு சந்தியில் மரத்தடிச் சைக்கிள் கடைக்காரர் அப்போதுதான் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். ஸ்பானரால் இறுக்கிப் பார்த்தார், நிற்கவில்லை. குழாய் தேய்ந்துவிட்டது என்றார். பழைய ரியூப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, சீற் குழாயைச் சுற்றி, எச்சில் தொட்டு வழுக்கி உள்ளே இறக்கி, திரும்ப இறுக்கினார். ஏறி இருந்து துள்ளிப் பார்க்கச் சொன்னார். அக்கா துள்ளினார். அசையவில்லை. "பின்னேரம் கழட்டிப் போடாதீங்க, அடுத்த ஆளுக்கும் உதவும்" என்று சொல்லி அனுப்பினார்.

சீனக்குடாவில் பேச நிறைய உண்டு. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் இந்தப் பக்கத்துக் காட்டுக்குள் நிற்கின்றன, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் இந்தத் துறைமுகத்தின் மேல்தான். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு வெயிலுக்கு முன்னால் பாலம் போய்ச் சேர வேண்டும். வெள்ளைமணலைத் தாண்டினோம்.

பாலம். 396 மீட்டர். 2009இல் திறந்தார்கள். அக்கா நாட்டை விட்டுப் போன காலத்தில் இங்கே படகுப் பாதைதான். வாகனம், மாடு, மனிதர் எல்லாம் வரிசையில் நின்று, ஏறி, அக்கரை போக வேண்டும். ஒருமுறை பெரியப்பாவோடு வந்து, முன்னால் நின்ற லொறிகள் எல்லாம் போய் முடியும் வரைக்கும் வெயிலில் காத்திருந்ததை அக்கா சொன்னார். நடுப்பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் தம்பலகாமக் களப்பு, மறுபக்கம் கொட்டியாரக் குடா. கீழே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். வலை விரிந்து விழுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

கிண்ணியாவில் இஞ்சிப் பிளேன்ரீ குடித்து, இடியப்பத்தைப் பிரித்தோம். கடைக்காரர் கேட்காமலே பருப்புக்கறி கொண்டுவந்து வைத்தார். அக்காவுக்கு அங்கேயே அடுத்த ஆசை வந்துவிட்டது. இதே வீதியில் இன்னும் தெற்கே போனால் உப்பாறு, அதற்கப்பால் கங்கை. 335 கிலோமீட்டர் ஓடி வருகிற மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற பக்கம் அது. "ஆத்தோரம் ஓடாமல் என்ன சைக்கிள் பயணம்?" என்று கேட்டார். நேரம் எட்டேகால். முன்னுக்கிருந்த தென்னோலைகள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டன. இன்றைக்கு வேண்டாம் அக்கா, கங்கைக்குப் போவதென்றால் மூதூரில் ஒரு இரவு தங்குகிற மாதிரிப் போவோம் என்றேன். கொஞ்சம் முகம் வாடியது, பிறகு சரி என்றார்.

திரும்பும்போது பாலத்தைத் தாண்டியதும் காற்று முதுகைப் பிடித்தது. பெடலை மிதிக்காமலே சைக்கிள் நகர்ந்தது. அக்கா கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டிக்கொண்டு, சீற் அசைகிறதா என்று ஒரு கையால் தடவிப் பார்த்தபடி எனக்கு முன்னால் போனார். பின்னேரம் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது ரியூப் துண்டைக் கழற்ற வேண்டாம் என்று கடைப் பொடியனிடம் சொன்னோம். வருகிற சனியும் ஞாயிறும் அதே இரண்டு சைக்கிள்களும் எங்களுக்கு வேண்டும் என்று அக்கா அப்போதே முற்பணம் கொடுத்துவிட்டார்.