பாம்பன் கடலைப் பகலில் கடந்தோம்

பள்ளி விடுமுறைக்கு இந்தியா போவதென்று வீட்டில் முடிவானதும், இராமேசுவரத்துக்கு ரயிலில்தான் போக வேண்டும், அதுவும் பாம்பன் பாலத்தைப் பகல் வெளிச்சத்தில் கடக்க வேண்டும் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். யாழ்ப்பாணத்தில் ரயிலேறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் போட் மெயில் ரயிலைப் பிடித்துச் சென்னை எழும்பூர் வரை போய்வந்தவர் அப்பப்பா. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் வேறெப்படிக் கேட்பார்?

யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் சிறிது நேரத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. எழும்பூரில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். எங்களூர் யாழ்தேவி ரயிலில் இருக்கையில் அமர்ந்தே பழகிய பிள்ளைகளுக்கு, ஓடும் வண்டியில் படுத்துறங்கலாம் என்பதே பெரும் வியப்பு. மேல் படுக்கை யாருக்கு என்ற வழக்கு விழுப்புரம் தாண்டியும் தீரவில்லை. மதுரையில் மீனாட்சியம்மனைத் தரிசித்துத் தங்கி, மறுநாள் காலை இராமேசுவரம் செல்லும் பயணிகள் வண்டியைப் பிடித்தோம். சென்னையிலிருந்து நேரே வரும் இரவு வண்டிகளில் சில விடியுமுன்பே பாலத்தைக் கடந்துவிடுவதால், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தப் பகல் வண்டியையே பரிந்துரைப்பேன்.

மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று போகப் போக, பனைகளும் உடைமரங்களும் வெளிறிய மணலுமாக நிலம் எங்கள் வடமராட்சியைப் போலவே மாறிக்கொண்டு வந்தது. மண்டபம் தாண்டியதும் இருபுறமும் கடல்; வண்டியில் பேச்சு அடங்கியது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட இந்தப் புதிய பாலத்தின் நடுவே, 72.5 மீற்றர் நீளமான பகுதி அப்படியே 17 மீற்றர் உயரத்துக்கு எழும்பிக் கப்பல்களுக்கு வழிவிடும். அருகில் நின்ற 1914ஆம் ஆண்டுப் பழைய பாலத்தையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் கையால் சுழற்றி அதன் இரு கைகளையும் திறப்பார்களாம். அப்பப்பா போன பாலம் அது.

தண்டவாளம் இப்போது இராமேசுவரத்தோடு முடிகிறது. அங்கிருந்து வேன் ஒன்றில் தனுஷ்கோடிக்குப் போனோம். 1964 டிசம்பர்ப் புயல் ஊரையும், அன்றிரவு பாம்பனிலிருந்து வந்த ரயிலை அதன் பயணிகளோடும் விழுங்கியபின், இடிந்த நிலையச் சுவர்களும் தேவாலயமுமே எஞ்சியிருக்கின்றன. அவற்றினிடையே அப்பா நெடுநேரம் நடந்தார். நாங்கள் அவரை அவசரப்படுத்தவில்லை.

அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். போரில் 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் பாதையில் 2015இல் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. இடையில் ஒரு பயணிகள் கப்பல் மட்டும் மீண்டும் ஓடுமானால், யாழ்ப்பாணத்தில் ஏறும் ஒரு குடும்பம் பழையபடி ரயிலும் கப்பலுமாகவே மதுரை போய்ச் சேரலாம். அப்பா நடமாட்டத்தோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.