எத்தனை கிலோவில் நிற்கும்?

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு எண்ணோடுதான் வருகிறார்கள். கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவைக் கேட்டால் ஃபைலைப் புரட்டுவார்கள். எத்தனை கிலோவுக்கு வரணும் என்று கேட்டால் பட்டென்று பதில் வந்துவிடும். கோவையில் ஒரு மருத்துவமனையின் உடல் பருமன் சிகிச்சைப் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். அந்த எண்ணைப் பற்றி உட்கார்ந்து பேசுவது என் வேலையில் பெரும் பகுதி.

பலருக்கு அந்த எண் உயரத்தில் நூறைக் கழித்து வருகிறது. 156 செ.மீ. உயரமா, அப்படியென்றால் 56 கிலோ. பால் ப்ரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்கி வரும் கணக்கு இது. இன்னும் பலருக்குக் கல்யாண ஆல்பத்திலிருந்து வருகிறது. சிலர் சுவரில் தொங்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள். நம் நாட்டவருக்கு 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25 வந்தால் உடல் பருமன் என்று அதில் இருக்கும். நோய் வரும் வாய்ப்பைக் கணிக்க அது நல்ல அளவுகோல்தான். ஆனால் பி.எம்.ஐ. 48-இல் இருக்கும் ஒருவர் ஆபரேஷனுக்கு அப்புறம் எங்கே போய் நிற்பார் என்பதை அது சொல்லாது.

பல்லடம் பக்கம் தறிக் குடும்பத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். 46 வயது, 156 செ.மீ., 118 கிலோ. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சுத் தடை எல்லாம் இருந்தது. "56-க்கு வந்தாப் போதும் அம்முணி" என்றார். "உசரத்துக்குத் தக்கன அதானுங்களே சரி" என்றார் கூட வந்த கணவர். டாக்டர் 60 சதவீதம் குறையும் என்று சொல்லியிருந்ததாகவும், அதைப் பார்த்தால் 56 ஒன்றும் பேராசை இல்லை என்றும் இருவரும் நம்பினார்கள்.

இந்த 60 சதவீதத்தில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். மருத்துவர்கள் சொல்வது கூடுதல் எடையில் 60 சதவீதம். கேட்பவர்கள் மொத்த எடையில் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அம்மாவின் உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 என்றால் சுமார் 61 கிலோ. அதற்கு மேலே இருப்பது 57 கிலோ. அதில் 60 சதவீதம் போனால் 34 கிலோ. அப்போது நிற்கும் இடம் 84. ஒரே சதவீதத்தைச் சொல்லி, டாக்டர் மனதில் 84-ம் அவர்கள் மனதில் 50-ஐ ஒட்டிய ஒரு எண்ணும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நான் மொத்த எடையில்தான் கணக்குச் சொல்வேன். அது எல்லோருக்கும் புரிகிறது.

எடை குறைப்பு ஆபரேஷன்களில் ஒன்றான ஸ்லீவில் இரைப்பையில் முக்கால்வாசிக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். வாழைப்பழம் போல நீளவாக்கில் ஒரு குழாய்தான் மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி நன்றாக அடங்கும். இருந்தாலும் முதல் ஒன்றரை ஆண்டில் மொத்த எடையில் கால் பங்கு குறைந்தால் அது சராசரி. இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் என்றால் 30 சதவீதத்தை ஒட்டி வரும். காகிதத்தில் அந்த அம்மாவுக்கு எழுதிக் காட்டினேன்: 118-இல் கால் பங்கு போனால் 88, நன்றாக இறங்கினால் 83. கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தார். "இத்தன காசு போட்டு எம்பத்தெட்டுங்களா?"

அந்தக் கேள்வி நியாயமானது. அதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்டுவிடுவதுதான் நல்லது. முன்னால் கேட்காதவர்கள் பின்னால் எடை மெஷின் மேல் நின்றுகொண்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். 30 கிலோ இறங்கியிருப்பார்கள், தோற்றுவிட்டேன் என்பார்கள்.

1997-இல் அமெரிக்காவில் கேரி ஃபாஸ்டர் குழுவினர், எடை குறைப்புச் சிகிச்சைக்கு வந்த 60 பெண்களிடம் நாலு எண் கேட்டார்கள்: கனவு எடை, சந்தோஷமான எடை, ஏற்றுக்கொள்ளக்கூடிய எடை, ஏமாற்றமான எடை. ஏமாற்றம் என்று அவர்கள் சொன்ன எடையே ஏறக்குறைய 17 கிலோ குறைந்தால்தான் வரும். அது உணவும் நடத்தைப் பயிற்சியும் சார்ந்த சிகிச்சை, ஆபரேஷன் இல்லை. ஆனாலும் அந்த நாலு கேள்வி எனக்குப் பிடித்துப்போனது. இப்போது வருகிறவர்களிடம் நாலையும் எழுதச் சொல்கிறேன். கணவரையும் தனியாக எழுதச் சொல்வதுண்டு. பல வீடுகளில் கனவு எடை அவருடையதாகத்தான் இருக்கிறது.

அப்புறம் ஒன்று கேட்பேன்: வயசுக்கு வந்த காலத்திலிருந்து ஒரு வருஷமாவது நிலையாக நின்ற எடைகள் என்னென்ன? பல்லடத்து அம்மாவுக்குக் கல்யாணத்தின்போது 58. அது 20 வயசில். இரண்டாவது குழந்தைக்கு அப்புறம் சில வருஷம் 79-இல் நின்றிருக்கிறது. அப்போது காலையில் தறிக்குடோனில் நின்று, மதியம் சமைத்து, சாயங்காலம் மாட்டையும் பார்த்திருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டிய எண்கள் அங்கிருந்துதான் கிடைத்தன. 83-லிருந்து 88 வரை எதிர்பார்க்கலாம், எல்லாம் கூடி வந்தால் 79-ஐத் தொடலாம். ஒற்றை எண்ணாக எழுதாமல் வரம்பாகத்தான் ஃபைலில் எழுதினேன். தண்ணீரின் கணக்கிலேயே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குகிற உடம்புக்கு ஒற்றை எண் பொருந்தாது.

அதற்குக் கீழே அவர் வாயாலேயே மூன்று காரியங்கள் சொன்னார். இன்சுலின் ஊசி நிற்கணும். ராத்திரி மூச்சு மெஷின் இல்லாமல் தூங்கணும். சென்னிமலைக்குப் படியேறிப் போகணும், காரில் இல்லை. ஆபரேஷன் செய்து ஒன்றரை ஆண்டு முடிவில் அவர் 85-இல் நின்றார். ஊசி போய் ஒரு மாத்திரை மட்டும் மிச்சம். மெஷினை எடுத்துவிடலாம் என்று தூக்கப் பரிசோதனைக்கு அப்புறம் மருத்துவர் சொல்லிவிட்டார். சென்னிமலைக்கு இடையிடையே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டார். ஆனால் ஒரு சீருக்குப் போன இடத்தில் நாத்தனார், "இன்னும் எத்தன கிலோ எறங்கோணும்?" என்று கேட்டதில் மனசு நொந்துபோய் வந்தார். சொந்தபந்தங்களின் இந்தக் கேள்விக்கு என்னிடம் மருந்து இல்லை. ஊசி நின்ற விஷயத்தை முதலில் சொல்லுங்கள், கிலோவைக் கடைசியில் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும், எங்களிடம் வந்த ஒரு தம்பியின் விஷயம் இன்னும் சிக்கல். 27 வயது, 174 செ.மீ., 142 கிலோ. பொண்ணு பார்க்க ஆரம்பிப்பதற்குள் 75 என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் 101 வரை வேகமாக வந்தார். அது கிட்டத்தட்ட 29 சதவீதம், அருமையான முடிவு. அதற்குமேல் மாதக்கணக்கில் அசையவில்லை. அந்த 26 கிலோவைத் துரத்திக்கொண்டு பகல் முழுக்கக் கருப்பட்டி போட்ட கடுங்காப்பியும் கொஞ்சம் பப்பாளியும்தான். எடை இறங்கியதோ இல்லையோ, இரும்புச்சத்து இறங்கிவிட்டது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதத்திலிருந்து கொஞ்சம் முடி கொட்டுவது பலருக்கும் வருவது, ஆறேழு மாதத்தில் அடங்கிவிடும். அவருக்கு ஒரு வருஷம் தாண்டியும் கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மாவையும் பையனையும் ஒன்றாக உட்கார வைத்து, 75-ஐ ஃபைலிலிருந்து அடித்துவிட்டு 95-லிருந்து 105 என்று எழுதினேன். அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பொண்ணு வீட்ல கேப்பாங்களேங்க" என்றார். ரத்தம் இல்லாமல் தலைசுற்றும் மாப்பிள்ளையையும் பொண்ணு வீட்டில் கேட்பார்கள் என்று சொன்னேன். பையன் அன்றைக்குத்தான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

அன்றிலிருந்து அவருக்குப் புரதம்தான் முதல் பேச்சு. குறைந்தது 60 கிராம் ஒரு நாளைக்கு. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, அப்படியானால் எவ்வளவு கவனமாகச் சாப்பிட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம். கொள்ளு நம் ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பது, நூறு கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லி அதன் ரசத்தை மட்டும் குடித்துவிட்டுப் பருப்பை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் வருகிறவர்கள் பருப்பைக் கடைந்து சாப்பிட வேண்டும். கெட்டிச் சாப்பாட்டுக்கு வந்த பிறகு, அரிசியும் பருப்பும் சாதம் என்றால் பருப்பு தூக்கலாக, அரிசி பேருக்கு.

எடை திரும்ப ஏறுவதைப் பற்றியும் முதல் நாளே பேசிவிடுகிறேன். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் நாலாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் 32 சதவீதம் வரை குறைந்தார்கள். பத்தாவது ஆண்டில் அது 25-இல் நின்றது. அதாவது அடிமட்டத்தைத் தொட்டபின் கொஞ்சம் ஏறித்தான் நிலைத்திருக்கிறது. ஆபரேஷன் செய்யாத குழுவின் எடை பெரிதாக மாறவே இல்லை. ஆபரேஷன் செய்தவர்களில் இறப்பும் குறைவு. இதைத் தெரிந்துகொண்டவர்கள் இரண்டாம் ஆண்டுக்கு அப்புறம் மூன்று நாலு கிலோ ஏறும்போது ஓடி ஒளியாமல் பரிசோதனைக்கு வருகிறார்கள். மட்டன் துண்டு நின்று நின்று இறங்கும், முறுக்கும் மிக்சரும் வாயிலேயே கரைந்து சுலபமாக இறங்கும். ஏறுவது பெரும்பாலும் அந்த வழியில்தான். அதை நேராகப் பேசிச் சரி செய்துகொள்ளலாம்.

இந்தக் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. கோபி பக்கத்து விவசாயி ஒருவர், "தொண்ணூத்தஞ்சுதான் வருமுன்னா எனக்கு வேண்டாமுங்க, இப்படியே பாத்துக்கறேன்" என்று எழுந்துவிட்டார். பிரிவில் சிலருக்கு வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிஜமான எண்ணைக் கேட்டு, வீட்டில் கலந்து பேசி, தன் உடம்பைப் பற்றி அவரே எடுத்த முடிவு அது. சர்க்கரைக்கு அவரை மருத்துவப் பிரிவில் சேர்த்துவிட்டோம். மாதம் ஒருமுறை வருகிறார், சாப்பாட்டு நோட்டை என்னிடம் காட்டிவிட்டுத்தான் போகிறார்.