சொட்டுத் தண்ணீர் விவகாரம்

இன்று விடியற்காலை நான்கரை மணிக்கு அப்பா என்னை ஏன் எழுப்பினார் என்பதைச் சொல்வதற்கு முன், சொட்டுத் தண்ணீர் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

புத்தக அலமாரியின் உச்சியிலிருந்து தரைவரை தொங்கும் எங்கள் மணி பிளான்டுக்குக் கீழே, சென்ற மாதம் முழுவதும் காலைதோறும் நான்கைந்து சொட்டுத் தண்ணீர் கிடந்தது. மேல்மாடிக் குழாய்தான் கசிகிறது என்று தீர்ப்பெழுதி, குழாய் வேலை செய்பவரை வரவழைத்தேன். அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சுவர் உங்கள் தொண்டையைவிட வறண்டிருக்கிறது, சார்" என்று சொல்லி, வந்து போன கூலியை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஆகவே ஒருநாள் கையில் டார்ச்சுடன், இருட்டு விலகுவதற்கு முன்பே அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். (என் மனைவி அப்போது சொன்னது இங்கே அவசியமில்லை.) சிறிது நேரத்திலேயே குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கியது: இலைகளின் கூர்நுனிகளில் முத்து முத்தாக நீர் திரண்டு, கனத்து, கீழே விழுந்துகொண்டிருந்தது. இரவில் இலைகளிலிருந்து நீர் ஆவியாவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்றும், மண்ணில் ஈரம் மிகுந்திருந்தால் வேர்கள் அதை விடாமல் மேலே தள்ள, நீர் இலைநுனி வழியே வடிகிறது என்றும் பிறகுதான் படித்தேன். சுருங்கச் சொன்னால், எங்கள் செடிக்கு வயிறு முட்டியிருந்தது.

மேல்மண் நன்றாகக் காய்ந்த பின்னரே நீர் கேட்கும் செடி அது. நான் ஞாயிறுதோறும் ஒரு குவளை ஊற்றினேன். அதை அறியாத மனைவி அன்றாடம் மாலையில் ஊற்றினாள். மகன் பள்ளிப் பாட்டிலில் மிஞ்சியதையெல்லாம் கவிழ்த்தான். அப்பாவோ, மாத்திரையுடன் முழுதாகக் குடிக்கும்படி மருத்துவர் சொன்ன செம்புத் தண்ணீரில் பாதியை, நாங்கள் எழுவதற்கு முன்பே அதற்குப் பங்கிட்டுக் கொடுத்துவந்தார். இலைகள் மஞ்சளானதும் தாகம்தான் காரணம் என்று எல்லோருமே அளவைக் கூட்டியிருக்கிறோம். ஒரு பிள்ளைக்கு நான்கு தாய்மார் வாய்த்தால் இதுதான் கதி.

தொட்டியைக் கவிழ்த்தபோது வேர்கள் பழுப்பாகக் குழைந்து நாறின. பிழைத்திருந்த கொடிகளை, ஒவ்வொன்றிலும் ஒரு கணுவாவது இருக்கும்படி வெட்டி, இலை நனையாமல் கணு மட்டும் மூழ்குமாறு தண்ணீர்ப் பாட்டிலில் நிறுத்தினேன். கணு இல்லாத துண்டு எத்தனை நாள் நின்றாலும் புதுக்கொடி விடாது. பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "நான் அரைச் செம்பு ஊற்றினால் அழுகிவிடும், நீ தண்ணீரிலேயே முக்கி வைத்தால் பிழைத்துவிடும், இல்லையா?" என்று கேட்டார். ஈரம் கோத்த மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது, தண்ணீரிலேயே முளைக்கும் வேர் அதற்கேற்பப் பழகிக்கொள்ளும், வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும் என்றெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் செய்தித்தாளைப் பிரித்துவிட்டார். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டதை அவர் கவனிக்காமலில்லை.

பாட்டில் விளிம்புவரை நிறைந்திருப்பதால் பங்கிட்டுக் கொடுக்க வழியில்லாமல், இப்போது அந்தச் செம்பு முழுவதையும் அவரே குடிக்கிறார். இன்று நான்கரை மணிக்கு என்னை உலுக்கி எழுப்பி, பாட்டிலை மூக்கருகே நீட்டி, "வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கிறது, பார்" என்றார். அரை அங்குலம் இருக்கும். அவர் கையில் பேரனின் அடிக்கோல் இருந்தது.