எம்.எஸ்சி. மனநல நர்சிங் சேர ஓர் அனுபவச் சான்றிதழுக்காக அலைந்த அலைச்சல்

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து வேலை பார்த்து, அப்புறம் டிப்ளமோ நர்சுகளுக்கான டிகிரியான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து, இப்போது எம்.எஸ்சி. சேரலாமா என்று யோசிக்கும் நர்சுகளுக்காக இதை எழுதுகிறேன். நம்ம குமரி மாவட்டத்தில் அப்படி நிறைய பேர் இருக்கிறீர்கள். இரண்டு வருடப் படிப்பைக்கூட சமாளித்துவிட்டேன், சேருவதற்கு முன்னால் ஒரு சான்றிதழுக்காக அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

விதி என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி நேரடி பி.எஸ்சி. படித்தவர்களுக்கு, டிகிரி முடித்த பிறகு ஒரு வருட வேலை அனுபவம் வேண்டும். போஸ்ட் பேசிக்காரர்களுக்கு அந்த ஒரு வருடம் படிப்புக்கு முன்னால் இருந்தாலும் செல்லும், பின்னால் இருந்தாலும் செல்லும். இதை நன்றாக மனதில் வையுங்கள், கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். 55 சதவீத மதிப்பெண், கவுன்சில் பதிவு எல்லாம் என்னிடம் சரியாக இருந்தது. ஆனால் போஸ்ட் பேசிக் முடித்த பிறகு நான் வேலை பார்த்தது சில மாதங்கள்தான். அதனால் அதற்கு முன்னால் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் பார்த்த வேலைக்குச் சான்றிதழ் வாங்கியே ஆகவேண்டிய நிலை.

நைட் டூட்டி முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி வடசேரியில் இறங்கி அங்கே போனேன். ஆபீஸில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எம்.டி. சார் திருவனந்தபுரம் போயிருக்காங்க சிஸ்டர், திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால், "நீங்க வேலையை விடும்போது ஒரு மாச நோட்டீஸ் குடுத்தீங்களா? குடுக்கலன்னா சர்டிபிகேட் குடுக்க முடியாது." கொடுத்திருந்தேன். நர்சிங் சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட நகல் அம்மாவின் பீரோவில் பத்திரமாக இருந்தது. அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகு, "ஃபைல் பழைய ரூம்ல கிடக்கு, தேடணும்" என்றார். ஐ.சி.யு.வில் வருடக்கணக்காக ராத்திரி கண்விழித்த ஒரு நர்ஸ் தன் வேலைக்கு ஒரு காகிதம் கேட்டு, இப்படி வராந்தாவில் நிற்க வேண்டுமா?

ஒருவழியாகக் கொடுத்தார்கள். வாசலுக்கு வந்து படித்துப் பார்த்தால், "இவர் எங்கள் மருத்துவமனையில் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்" என்று இரண்டே வரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வார்டு, என்ன பதவி, பதிவு எண் என்ன, ஒன்றும் இல்லை. திரும்பி உள்ளே போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இதுதான் ஃபார்மட்" என்று சொல்லிவிட்டார்.

என்னைக் காப்பாற்றியது பேங்க் பாஸ்புக். மாதாமாதம் அந்த ஆஸ்பத்திரி பெயரில் சம்பளம் ஏறியிருந்த பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் கோடு போட்டு, சேர்ந்த ஆர்டர், விலகிய கடிதம் இரண்டையும் சேர்த்து, தேதிகளோடு சான்றிதழ் தரும்படி எழுத்தில் ஒரு மனு எழுதி ஸ்பீட் போஸ்டில் எம்.டி. பெயருக்கே அனுப்பினேன். மெயிலும் போட்டேன். நேரில் போனபோதெல்லாம் கிடைக்காதது அதற்கப்புறம் தானாக வந்தது. கூப்பிட்டு, "வந்து வாங்கிக்கோங்க சிஸ்டர்" என்றார்கள். முதலிலேயே செய்திருக்கக் கூடாதா?

அதோடு முடிந்தது என்று நினைத்து கல்லூரிக்குப் போனால் அங்கே இன்னொன்று. அட்மிஷன் பார்த்த கிளார்க், "டிகிரிக்கு அப்புறம் உள்ள எக்ஸ்பீரியன்ஸ்தான் எடுப்போம், இது செல்லாது" என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார். கவுன்சில் பாடத்திட்டத்தில் தகுதி பற்றி உள்ள பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையிலேயே வைத்திருந்தேன். போஸ்ட் பேசிக் பற்றிய வரியைக் காட்டினேன். அவர் படிக்கவில்லை. பிரின்சிபால் மேடத்தைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி மத்தியானம் வரை காத்திருந்தேன். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு, வாங்கிக்கோங்க" என்றார். அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. அதனால் எங்கே போனாலும் விதியை அச்செடுத்துக் கொண்டு போங்கள். வாயால் சொன்னால் எடுபடாது.

வேலையை விடாமல் படிக்க முடியுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். முடியாது. இது முழுநேரப் படிப்பு, ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 80 சதவீத வருகை வேண்டும், டிகிரி கைக்கு வருவதற்குள் பிராக்டிகலில் 100 சதவீதமும் முடித்திருக்க வேண்டும். தபாலில் படிக்கலாம், வாரக் கடைசியில் வந்தால் போதும் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். அரசு நர்சுகள் என்றால் துறை அனுமதியை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டு வைத்துவிடுங்கள்.

மனநல நர்சிங் பிரிவைத் தேர்ந்தெடுத்தபோது வீட்டில் பெரிய சண்டை. "ஊளம்பாறையில போய் உக்காரவா ரெண்டு வருசம் படிக்கப் போற மக்களே?" என்று மாமி கேட்டார். ஊளம்பாறை என்றால் திருவனந்தபுரத்தில் உள்ள மனநல ஆஸ்பத்திரி; நம்ம ஊரில் அந்தப் பேரைச் சொன்னாலே போதும், அடுத்த கேள்வி கல்யாண சம்பந்தம் பற்றித்தான் வரும். தற்கொலைக்கு முயன்று ஐ.சி.யு.வுக்கு வந்தவர்களை உயிர் பிழைக்க வைத்து, யாரும் உட்கார்ந்து பேசாமலேயே டிஸ்சார்ஜ் செய்து அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அவர்கள் கடும் மன அழுத்தத்தில் இருந்தார்கள் என்றே கருதி, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. அந்த வேலையைச் செய்யத் தெரிந்த நர்ஸ் வார்டில் இருக்க வேண்டாமா? மாமிக்கு இதைச் சொன்னேன். பாதிதான் ஒத்துக்கொண்டார்.

முதல் வருடம் நன்றாகவே போனது. பிராசஸ் ரெக்கார்டிங் மட்டும் எல்லோரையும் படுத்தும். நோயாளி சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்கு என்ன தோன்றியது, எந்த உத்தியைப் பயன்படுத்தினேன் என்று கட்டம் கட்டி வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். ஒரு அம்மா வெகுநேரம் பேசாமலே இருந்துவிட்டு, "நீ சாப்பிட்டியா மக்களே?" என்று மட்டும் கேட்டார். நான் அதற்கு என்ன பதில் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று ஒரு முழுப் பக்கம் எழுத வைத்தார்கள். அன்றே உட்கார்ந்து எழுதிவிடுங்கள், மறுநாளைக்கு வார்த்தை மறந்துவிடும்.

ஆய்வுக் கட்டுரையில் திரும்பவும் பேப்பர்தான். மனநோயாளிகளை வைத்துச் செய்வதாக இருந்தால், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு கூடுதலாகக் கேள்வி கேட்கும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதலில் அவர்கள் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் பிரிவு, அதனால் அந்தக் கேள்விகள் நியாயமானவைதான். நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரிடம் செய்தேன். தகவல் சேகரிக்கும் இடத்தின் அனுமதிக் கடிதத்தில் உள்ள ஆய்வின் தலைப்பும் நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். என்னுடையதில் அந்த ஆபீஸில் ஒரு சொல்லை விட்டுவிட்டு டைப் அடித்துக் கொடுத்தார்கள், அதைத் திருத்தி வாங்க இன்னொரு முறை பஸ் ஏறினேன்.

பாஸானதும் கூடுதல் தகுதியைத் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்ய மறக்காதீர்கள். இப்போது வேலையில் இருப்பவர்கள், எம்.எஸ்சி. எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓர் ஆஸ்பத்திரியை விட்டு வரும் நாளிலேயே தேதி, வார்டு, பதவி, பதிவு எண், முத்திரையோடு சான்றிதழ் வாங்கிவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் எந்த ஆஸ்பத்திரியிலும் விட்டு வைக்காதீர்கள்.