பழுதான கொன்ட்ரோலரை ஏன் திருப்பி எடுக்க மாட்டார்கள்?

சோலர் பம்பை இயக்கிக் கட்டுப்படுத்துகிற கொன்ட்ரோலரின் பெட்டியில் இரண்டு வருட வரன்டி என்று அச்சடித்திருக்கும். விசுவமடுப் பக்கம் கச்சான் போட்ட ஒரு ஐயா பழுதானதைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "தம்பி, வரன்டி இருக்குத்தானே, மாத்தித் தாங்கோ" என்றால் அதில் பிழையே இல்லை. ஆனால் கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் சப்ளையர், "அனுப்ப வேண்டாங்க, அங்கேயே பார்த்துக்கோங்க" என்கிறார். கிளிநொச்சியில் கடை வைத்திருக்கிற பலர் இதைக் கேட்டிருப்பீர்கள், ஏமாற்று வேலை என்று திட்டியும் இருப்பீர்கள்.

பிரச்சினை அவருடைய சுங்கக் கணக்கில் இருக்கிறது. இந்தியாவில் ஒரு பொருளைச் செய்து ஏற்றுமதி செய்தால், அதற்குள் போன இறக்குமதிச் சாமான்களுக்குக் கட்டிய தீர்வையில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். டிரோபேக் என்பார்கள், 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 75ஆம் பிரிவு. பெரும்பாலும் ஏற்றுமதிப் பெறுமதியில் இத்தனை வீதம் என்று கணக்கு. சப்ளையர் விலை சொல்லும்போதே இந்தக் காசையும் நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அதே பெட்டி இந்தியாவுக்குள் திரும்பி வந்தால், வாங்கிய டிரோபேக்கைக் கட்டு என்று சுங்கம் கேட்கும். பழுது பார்க்க மட்டும் என்று அதைக் கட்டாமல் இறக்கவும் வழி இருக்கிறது, ஆனால் பிணைமுறி (சொன்னபடி செய்வேன் என்ற உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுத்து 6 மாதத்துக்குள் திரும்ப ஏற்றுமதி செய்ய வேண்டும், அதோடு போனதும் வந்ததும் ஒரே பொருள்தான் என்று அதிகாரியை நம்ப வைக்கவும் வேண்டும்.

சண்டை தொடங்குவது இங்கேதான். கிணற்றடியில் கம்பத்தில் பூட்டின கொன்ட்ரோலரின் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் வன்னி வெயிலுக்கு ஒரு கோடையே தாங்காது. ஐயா கொண்டுவந்ததில் கடைசி இலக்கங்கள் வெளிறிப்போய், மிச்சத்தின் மேல் புழுதி அப்பியிருந்தது. (உள்ளே பல்லி ஒன்று கருகிக் கிடந்ததை வரன்டி ஏற்குமா என்பது தனி வழக்கு.) இதை எந்த அதிகாரி 'அதே பொருள்' என்று ஒப்புக்கொள்வார்?

சரி, பழுதுக்கு ஈடாகச் சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய காசைப் பிடித்து வைப்போம் என்று கடைக்காரர் சிலர் செய்கிறார்கள். அது அவரை இன்னும் மாட்டிவிடும். ஏற்றுமதிக் காசு உரிய காலத்துக்குள் வந்து சேராவிட்டால், வராத பங்குக்கான டிரோபேக்கை வட்டியோடு அறவிட அங்கே விதி இருக்கிறது. 2022இல் இங்கே டொலர் இல்லாமல் வங்கிகள் கையை விரித்து எங்கள் காசும் நின்றபோது அவருக்கு அப்படி ஒரு நோட்டிஸ் போயிருக்கிறது. அதற்குப் பிறகு முற்பணம் இல்லாமல் அவர் பெட்டி ஏற்றுவதில்லை, நானும் குறை சொல்லவில்லை.

இப்போது பூட்டும்போதே சீரியல் நம்பரைப் படம் எடுத்து, பில்லிலும் எழுதி விடுகிறோம். பழுதானால் அவர் உள்ளே பூட்டுகிற புதுச் சர்க்கிட் போர்டை மட்டும் இலவசமாக அனுப்புகிறார், மாற்றுவது எங்கள் பையன்கள். ஆனால் இன்வொய்சில் இலவசம் என்று போட்டாலும் கொழும்புச் சுங்கத்தில் பெறுமதி போட்டுத்தான் வரி கேட்பார்கள். அதை யார் கட்டுவது என்று அவருக்கும் எனக்கும் இன்னும் இழுபறி. பாதிப் பாதி என்று கேட்டு வைத்திருக்கிறேன்.