தூக்கத்துக்கு ஒரு வாட்ச்

"ராத்திரியும் இதைக் கட்டிக்கிட்டே படுக்கணுமா? நான் மோதிரத்தையே கழற்றி வெச்சிட்டுத்தாம்மா படுப்பேன்."

கடையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மகளிடம் கேட்டார். அவருடைய குறட்டைக்காகத்தான் மகள், தூக்கத்தை அளக்கும் ஸ்மார்ட் வாட்ச் தேடிக்கொண்டிருந்தார்.

பெரியவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்றது. "இது எதுக்குத் தம்பி?" விற்பனைப் பையன் சிரித்து வைத்தான்.

ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறையும், அதிலிருந்து நாடித்துடிப்பு. அதோடு கை அசைவையும் சேர்த்துத் தூக்கத்தை ஊகிக்கிறது, அவ்வளவுதான். தூக்க ஆய்வுக்கூடத்திலோ தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளையே பார்ப்பார்கள்.

அதனால் மொத்தம் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பதை ஓரளவு நம்பலாம். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று காட்டுவதை அந்த அளவுக்கு நம்ப வேண்டாம்.

வாங்குவதென்றால் நான் முதலில் பார்ப்பது பேட்டரியை. தினமும் சார்ஜ் கேட்கும் வாட்ச், ராத்திரியில் மேசைமேல்தான் கிடக்கும்.

குறட்டை வேறு விஷயம், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். அந்த அறிகுறியைக் காட்டும் வசதிக்கு, சாம்சங், ஆப்பிள் இரண்டுக்குமே 2024இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. ஆனால் அது எச்சரிக்கை மட்டும்தான்.

வாட்ச் இருக்கட்டும், முதலில் அப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள் என்று மகளிடம் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.